சாவியை எழுதிக்கொண்டு கதவைக் கழற்றுங்கள்

செஞ்சிக் கூட்டு ரோட்டிலும் காந்தி பஜாரிலும், திண்டிவனம் சாலையிலும் திருவண்ணாமலைச் சாலையிலும் சிறு சிறு அறைகளை வாடகைக்குப் பிடித்துக் கணினி பழுதுபார்க்கும் தொழிலை நடத்திவரும் தம்பிமார்கள் அனைவருக்கும், இந்நகரத்து நெல் மண்டி ஒன்றில் நாற்பது ஆண்டுகளுக்குமேல் கணக்கெழுதிவிட்டு, இப்போது கண் மங்கிப் பேரேட்டை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்து ஓய்ந்திருக்கும் கிழவன் ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

கடிதம் என்றால் 'இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்திற்கு எழுதவும்' என்று தொடங்குவதே எங்கள் காலத்துச் சம்பிரதாயம். ஆனால் இவ்விடத்து க்ஷேமம் ஒரு விஷயத்தில் உங்கள் கையில் சிக்கிக்கொண்டிருப்பதால், அதை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய கணினியை நீங்கள் ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால், அதிலுள்ள மென்பொருள்களின் புராடக்ட் கீயை, அதாவது அவற்றை அவர் காசு கொடுத்து வாங்கினார் என்பதற்கு அத்தாட்சியாக நிற்கும் சாவி எண்ணை, எடுத்து எழுதி அவர் கையில் கொடுக்கும் வழக்கத்தை நீங்கள் மேற்கொள்ள வேண்டும் என்பதே என் விக்ஞாபனம்.

கணினி சாஸ்திரம் கற்ற உங்களுக்கு, ஐந்து விரல்களால் தட்டச்சு செய்யக்கூடத் தெரியாத ஒருவன் புத்தி சொல்ல வருவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் என்பதைத் தவிர எனக்கு வேறு யோக்கியதை கிடையாது.

மார்ச் மாதத்துக் கடைசி வாரம் கணக்குப்பிள்ளைக்குப் பிரசவ காலம். இரண்டு வருஷங்களுக்கு முன்பு அப்படிப்பட்டதொரு வாரத்தில், வாசலில் நெல் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, மண்டியின் கணினி சேற்றில் இறங்கிய வண்டியைப்போல் நின்றுவிட்டது. எடுத்துக்கொண்டு போனோம். எந்தக் கடைக்கு என்று சொல்லப்போவதில்லை. அந்தக் கடைப் பையன் நல்ல பிள்ளை. எங்கள் கணக்குகள் முழுவதையும் ஒன்று விடாமல் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, சி டிரைவைத் துடைத்து, புது ஓ.எஸ். போட்டு, டாலி என்ற கணக்கு மென்பொருளையும் மீண்டும் ஏற்றி, ராத்திரி ஒன்பது மணிக்குத் தானே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தான். கணக்குகள் எல்லாம் பத்திரமாகவே இருந்தன. ஆனால் மறுநாள் காலையில் உட்கார்ந்து, 30ஆம் தேதி வந்திறங்கிய இரண்டு லோடு நெல்லைப் பதிய முயன்றபோது, அந்தத் தேதியை ஏற்கமாட்டேன் என்று டாலி பிடிவாதம் பிடித்தது. 31ஆம் தேதியை ஏற்றது. அடுத்த மாதம் முதல் தேதியையும் இரண்டாம் தேதியையும் ஏற்றது. மற்ற நாட்கள் பஞ்சாங்கத்திலேயே இல்லாதவைபோல நடந்துகொண்டது. உரிமம் இல்லாத டாலி மாணவர் பழகுவதற்கான 'எஜுகேஷன்' முறையில்தான் திறக்கும் என்பதும், அந்த முறையில் மாதத்துக்கு 1, 2, 31 என்ற மூன்று தேதிகளே உண்டு என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த மென்பொருளின் மீது நான் குறை சொல்லவில்லை. 1986ஆம் ஆண்டு பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரியும் அவருடைய மகன் பாரத் கோயங்காவும் சேர்ந்து தொடங்கிய அந்தக் கம்பெனி, கணினியை மாற்றுவோருக்கென்று ஒழுங்கான ஒரு மார்க்கத்தை வைத்திருக்கிறது. பழைய கணினியிலிருந்தே உரிமத்தை 'சரண்டர்' செய்துவிட்டால், அது கம்பெனியின் சர்வருக்குத் திரும்பிப் போய் வரவு வைக்கப்படும். பிறகு எந்தக் கணினியில் வேண்டுமானாலும் சீரியல் எண்ணைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். சரண்டர் செய்யாமல் துடைத்துவிட்டாலோ, உரிமம் பழைய இடத்தில் குடியிருப்பதாகவே சர்வரின் கணக்கில் நிற்கும். அதை விடுவிப்பதற்கு, உரிமம் எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதோ அந்த மின்னஞ்சலுக்கு வரும் திறவு எண் வேண்டும். எங்கள் மின்னஞ்சல் எது? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த அவசரத்தில் டாலி வாங்கியபோது, முதலாளிக்கு மின்னஞ்சல் என்ற ஒன்று இல்லாதபடியால், அப்போது எங்களிடம் வேலை பார்த்த பையன் தன் கைபேசியிலேயே ஒன்றை உண்டாக்கிக் கொடுத்திருந்தான். பிறகு அவன் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய புது எண்ணைக் கண்டுபிடிக்க மூன்று நாள், அவன் கடவுச்சொல்லை ஞாபகப்படுத்திக்கொள்ள ஒரு நாள். மண்டிக்கு வழக்கமாக வந்துபோன லாரியின் எண்ணைத்தான் கடவுச்சொல்லாக வைத்திருந்தான் என்பதைக் கேட்டபோது கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. ஆகவே, பிழையில் பாதி எங்களுடையது, மறைக்கவில்லை. ஆனால், 'அண்ணா, டாலி ஒரிஜினலா? சரண்டர் செய்துவிட்டீர்களா?' என்று அந்தப் பையன் துடைப்பதற்கு முன்பு ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நாலு நாள் எழுதாத கணக்கை முதலாளி முகத்துக்கு முன்னால் துண்டுக் காகிதத்தில் குறித்துவைக்க நேர்ந்திராது.

சரண்டர் என்ற சொல் செஞ்சிக்காரனுக்குப் புதிதல்ல. 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி. எஸ். ஸ்ரீனிவாசாச்சாரியாரின் செஞ்சி சரித்திர நூலைப் புரட்டினால், நம் கோட்டை எத்தனை பேரிடம் எத்தனை விதமாகக் கைமாறியிருக்கிறது என்பது தெரியவரும். பீஜப்பூர்க்காரர்கள் பிடித்து அதற்குப் பாத்ஷாபாத் என்று பெயரிட்டார்கள்; 1677இல் சிவாஜி அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்; 1690இல் தொடங்கி ஏறக்குறைய எட்டு வருஷம் முகலாயப் படை சுற்றி உட்கார்ந்திருக்க, ராஜாராம் மெல்லத் தப்பிப் போய்விட்டபின், 1698இல் ஜுல்ஃபிகர் கான் மதிலேறிப் பிடித்தார், பெயரும் நஸ்ரத்கடா என்றாயிற்று. 1714இல் தேசிங்கு ராஜன் கோட்டையையும் உயிரையும் ஒருங்கே இழந்த கதையைத் தெருக்கூத்துப் பார்த்த ஒவ்வொருவரும் அறிவார்கள். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் ஏறிவந்தார்கள். 1761இலோ, அந்தப் பிரெஞ்சுக் காவற்படை ஆங்கிலேயரோடு நிபந்தனை பேசிக் கோட்டையை ஒப்படைத்துவிட்டு இறங்கிப்போயிற்று. டாலி கேட்கிற சரண்டர் இந்தக் கடைசி ரகம். எங்கள் கணினிக்கு நேர்ந்தது 1698.

விண்டோஸ் விஷயம் வேறு மாதிரி. அதிலும் சாவியைக் கழற்றவும் மாட்டவும் வழி உண்டு. ஆனால் கழற்றிய சாவி கம்பெனியின் பேரேட்டில் வரவு வைக்கப்படுவதில்லை, உங்கள் கணினியிலிருந்து மட்டுமே நீங்குகிறது. இதற்கான கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது என்று என் பேரன் காட்டினான். நிர்வாகியின் அதிகாரத்தோடு திறந்த கறுப்புத் திரையில் எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்று அடிக்க வேண்டுமாம். இந்தத் தமிழ்நாட்டில் எந்த வாசலும் அந்தக் கடைசி மூன்று எழுத்தில்தான் திறக்கும் போலிருக்கிறது என்று சொன்னேன், அவனுக்குப் புரியவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் யு.பி.கே. என்று சேர்த்தால் சாவி கழன்றுவிடும்; சி.பி.கே.ஒய். என்று சேர்த்தால் பதிவேட்டில் தங்கியிருக்கும் அதன் சுவடும் அழிந்து, பிறகு எந்தத் திருட்டு நிரலும் அதைப் படித்துக்கொண்டு போக முடியாது, ஐ.பி.கே. என்று சேர்த்து இருபத்தைந்து எழுத்துகளையும் கொடுத்தால் புதுச் சாவி ஏறும், ஏ.டி.ஓ. என்றால் அது செல்லுமா என்று கம்பெனியின் சர்வரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளும்.

ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில், சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமுமாக மலையைப் பிளந்துகொண்டு கிடக்கும் பள்ளத்தையும், அதன்மேல் போட்டிருக்கும் பாலத்தையும் உங்களில் பார்க்காதவர் இருக்கமாட்டீர்கள். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் உச்சியை அணுக எவனாலும் ஆகாது என்பதில்தான் அந்தக் கோட்டையின் பலம் இருந்தது. ஆனால் எடுத்த பலகையைக் காவற்காரன் பள்ளத்தில் எறியமாட்டான். தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வான். இருபத்தைந்து எழுத்துகளையும் எழுதிக்கொள்ளாமல் யு.பி.கே. அடிப்பவனை என்னவென்று சொல்வது?

எழுதிக்கொள்வதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இது எனக்கு மிகவும் ரசமான விஷயமாகப் பட்டது. அந்தச் சாவியில் ஆங்கிலத்து உயிரெழுத்து ஒன்றுகூட வராது. ஏ, இ, ஐ, ஓ, யு ஐந்தையும் நீக்கியிருக்கிறார்கள். உயிர் சேர்ந்தால் தற்செயலாக ஏதேனும் ஆபாசமான சொல் அமைந்துவிடும் என்ற அச்சம் காரணம் என்பார்கள். எல், என், எஸ், இசட் ஆகியவையும் கிடையா. எண்களில் பூஜ்யம், ஒன்று, ஐந்து மூன்றும் கிடையா. எஞ்சியவை பதினேழு எழுத்தும் ஏழு எண்ணும், ஆக இருபத்துநான்கு. என் என்ற எழுத்து மட்டும் விண்டோஸ் 8 வந்தபிறகு உள்ளே நுழைந்தது. மெய் மட்டுமே இருந்து உயிர் இல்லாத சொல்லை நம் தொல்காப்பியர் ஒப்புக்கொண்டிருப்பாரோ என்னவோ, எழுதிவைப்பவனுக்கு இதனால் பெரிய பிரயோஜனம் உண்டு. உங்கள் குறிப்பில் ஓ என்றோ பூஜ்யம் என்றோ இருந்தால், அது பெரும்பாலும் டியையோ கியூவையோ தவறாகப் படித்ததாகத்தான் இருக்கும். ஐந்து என்று இருந்தால் அது ஆறாக இருக்கலாம். ஆனால் பியும் எட்டும், ஜியும் ஆறும் இரண்டுமே செல்லுபடியாகும் எழுத்துகளாதலால், அங்கேதான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

சாவி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கும் கொஞ்சம் விவேகம் வேண்டும். கம்பெனியே விண்டோஸ் 7 ஏற்றி அனுப்பிய கணினிகளில், உள்ளே இருக்கும் சாவி பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவானது. வாங்கியவருக்கென்று தனியாக அளித்த சாவியோ அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். கீ கண்டுபிடிக்கும் மென்பொருளை ஓட்டி உள்ளே இருப்பதை எழுதிக்கொண்டு, அடியில் இருப்பதைப் பார்க்காமல் விடுவது வீட்டுப் பத்திரத்தை விட்டுவிட்டு வீட்டு வரி ரசீதைப் பத்திரப்படுத்துவதைப் போன்றது. விண்டோஸ் 8 முதல் சீட்டு வழக்கொழிந்து, சாவியை மதர்போர்டின் பயாஸிலேயே பொதித்துவிட்டார்கள், ஓ.எஸ். போடும்போது அது தானாகவே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 10 வந்தபிறகு டிஜிட்டல் உரிமம் என்று சொல்லி அந்தக் கணினியின் அங்க அடையாளங்களோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். மதர்போர்டை நீங்கள் மாற்றினால் முடிச்சு அவிழ்ந்துவிடும், உரிமம் முன்கூட்டியே உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருந்தால் திரும்பக் கட்டிக்கொள்ள வழி உண்டு. அதுவும் கடையில் தனிப் பெட்டியாக வாங்கிய உரிமத்துக்கே எளிது; கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் அந்தக் கணினியோடு உடன்கட்டை ஏறுகிற ஜாதி.

இந்த இடத்தில் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் வைத்திருக்கும் லேப்டாப்புகளில் பெரும்பான்மையானவை 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்ற வகை விண்டோஸோடு வாங்கியவை. அதற்கான சாவி பயாஸில் பத்திரமாக இருக்கிறது, விலையும் லேப்டாப்பின் விலையிலேயே சேர்ந்திருக்கிறது. நீங்களோ உங்கள் பென் டிரைவில் ஒரே ஒரு 'புரோ' வகையை வைத்துக்கொண்டு, வருகிற கணினிக்கெல்லாம் அதையே போடுகிறீர்கள். ஹோமுக்கு வெட்டிய சாவி புரோவின் பூட்டில் திரும்புமா? திரும்பாது. உடனே, கீ இல்லை என்று தீர்மானித்து, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, கிராக் நிரலை ஓட்டுகிறீர்கள். பெரிய அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு உரிமம் வழங்க ஒரு சர்வரை வைத்து, 180 நாட்களுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கும் ஏற்பாடு உண்டு. அந்தச் சர்வரைப்போல் வேஷம் போட்டு ஏமாற்றுவதே அந்த நிரல்களில் பலவற்றின் தொழில். வீட்டுக்காரன் மடியில் சாவி இருக்க, கதவை உடைத்து அவனை உள்ளே அனுப்பி, உடைத்ததற்குக் கூலியும் வாங்கிக்கொள்வது எந்த ஊர் நியாயம்? காவற்காரனை அணைத்துவிட்டு உள்ளே விட்ட அந்த நிரல் வேறு யாரைக் கூட்டிக்கொண்டு வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதே பென் டிரைவில் ஹோம் வகையையும் சேர்த்து வைத்துக்கொள்வதற்கு உங்களுக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

அரசாங்கம் கொடுத்த லேப்டாப்புகளின் கதையும் இதுவே. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி அண்ணா பிறந்த நாளன்று தொடங்கிய திட்டத்தில், எல்காட் மூலம் வாங்கி மாணவர்களுக்கு வழங்கிய முதல் கணினிகளில், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. ஸ்டார்ட்டரில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது எப்பேர்ப்பட்ட அவமானம்! தன் அபிமான நடிகரின் படத்தை வைக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பிள்ளைகள் உங்கள் கடையைத் தேடி வந்தார்கள். நீங்களும் உங்களுக்கு முன்பு அங்கே உட்கார்ந்திருந்தவர்களும் முறையான ஸ்டார்ட்டரைத் துடைத்து, சாவியே தேவையில்லாத லினக்ஸையும் கூடவே துடைத்து, திருட்டு அல்டிமேட்டை ஏற்றி அனுப்பினீர்கள். என் அண்ணன் பேத்தியின் லேப்டாப்புக்கும் அப்படித்தான் நடந்தது. ஒரு மாதத்தில் திரை கறுத்து, 'இது அசல் அல்ல' என்று மூலையில் எழுத்து வந்தது. அடியில் பார்த்தால், மடியிலும் பெஞ்சிலும் தேய்ந்து தேய்ந்து சீட்டு வெள்ளையாகிவிட்டிருந்தது. வாங்கிய அன்றைக்கே அந்தச் சீட்டை ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்க யாருக்கும் தோன்றவில்லை.

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. இருந்தாலும் தொழில் செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தத்தால் சேர்ந்த 63பி என்ற பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே அதைக் கணினியில் உபயோகிப்பவருக்கு 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாக வாங்கியவர் தம் மென்பொருள் அழிந்துபோகாதபடி பாதுகாப்புக்கென்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது குற்றமல்ல என்றும் சொல்கிறது. முதல் பிரிவைக் கேள்விப்பட்ட நீங்கள் இரண்டாவதையும் கேள்விப்பட வேண்டும் என்பதற்காகவே எழுதினேன்.

சாவியை எழுதிவைத்தாலும் எல்லாம் நிரந்தரம் என்று நினைப்பதற்கில்லை. போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு இது ஞாபகமிருக்கலாம்: 2012 டிசம்பரில் அடோபி நிறுவனம் தன் பழைய சி.எஸ்.2 வரிசை மென்பொருள்களின் சாவியைச் சரிபார்க்கும் சர்வரையே நிறுத்திவிட்டது. முறையாக வாங்கியவர்களுக்கு, சர்வரைக் கேட்காமலே திறக்கிற வேறு எண்ணைக் கொடுத்தது. வாங்கியதற்கான பில் கையில் இருந்தவர்கள் நிமிர்ந்து நின்று அதை எடுத்துக்கொண்டார்கள். ஆகையால் சாவியோடு பில்லையும் பத்திரப்படுத்தும்படி வாடிக்கைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு காரியம். கணினியை வாங்கிக்கொள்ளும்போது நீங்கள் எழுதிக்கொடுக்கிற ரசீதில், பெயர், கைபேசி எண், சார்ஜர் உண்டா இல்லையா என்றெல்லாம் கட்டம் போட்டிருக்கிறீர்கள். சார்ஜருக்கு ஒரு கட்டம் உண்டு, சாவிக்கு இல்லை. அதில் இன்னும் ஒரு கட்டம் சேர்த்து அச்சடித்துக்கொள்ளுங்கள். துடைப்பதற்கு முன் என்ன என்ன மென்பொருளுக்குக் காசு கொடுத்திருக்கிறார் என்று கேட்டு, சரண்டர் செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்லி, எழுத வேண்டியதை எழுதி, 'பெற்றுக்கொண்டேன்' என்று அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உங்கள் நோட்டில் நகல் வைக்காமல் காகிதத்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள். நகல் வைக்காமல் என்று அழுத்திச் சொல்கிறேன். பிறர் வீட்டுச் சாவி கொத்தாகத் தொங்குகிற கடையை யாரும் நம்பி நுழையமாட்டார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கலைந்தபிறகு, கூட்டம் குறைந்திருக்கும் நேரத்தில், மண்டியின் பழைய மேசைக் கணினியை எடுத்துக்கொண்டு உங்களில் ஒருவரிடம் வருவதாக இருக்கிறேன். இன்டர்நெட் கொடுக்காமல், பழைய வருஷத்துக் கணக்குகளைத் திறந்து பார்ப்பதற்கு மட்டும் வைத்திருக்கிற கணினி அது. அதற்கென்று முதலாளி பெட்டியோடு தனியாக வாங்கிய விண்டோஸ் 7 ஒன்று உண்டு. பெட்டி அலமாரியில் கிடந்தது. நேற்று எடுத்துப் பார்த்தேன். சாவிச் சீட்டில் முதல் இருபது எழுத்துகள் அச்சடித்த அன்றைக்கு இருந்ததுபோலவே தெளிவாக இருக்கின்றன; கடைசி ஐந்தை மட்டும் பூச்சி அரித்துவிட்டது. பேரன் சொல்கிறான், எஸ்.எல்.எம்.ஜி.ஆரோடு டி.எல்.ஐ. என்று சேர்த்து அடித்தால், கணினி முழுச் சாவியையும் காட்டாதாம், கடைசி ஐந்து எழுத்துகளை மட்டுமே காட்டுமாம். எனக்கு வேண்டியதும் அந்த ஐந்துதான். ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால் அவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், தம்பி. பி எது, எட்டு எது என்று பிரித்துத் தெரியும்படி கொஞ்சம் பெரியதாக.